தரவுக் கிடங்கும் நமது கணக்கும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"கிளவுட் டேட்டா வேர்ஹவுஸ்" என்று இக்காலத்தில் வழங்கும் வாடகைத் தரவுக் கிடங்கு என்பது யாது, அதனை ஒருவர் முதன்முதலிற் கையாளத் தொடங்குவது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு நமது காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். இவ்விஷயத்தைக் கேட்க விரும்புவோர் நம்மில் மூவகையினர் உளர். வியாபாரத்தில் இருப்போர், தங்கள் கடைக்கணக்கை இதில் வைத்தால் பிரயோஜனம் உண்டா என்று கேட்கின்றனர். சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களில் உத்தியோகம் தேடும் நமது பிள்ளைகள், இதனைக் கற்பதற்கு எங்கே தொடங்குவது என்று கேட்கின்றனர். சங்க நிர்வாகிகளிற் சிலரோ, நமது குடும்பப் பதிவேட்டையும் வரன் பதிவேட்டையும் இத்தகைய கிடங்கில் ஏற்றிவிடலாம் என்று ஒரு பிரேரணை கொண்டுவந்திருக்கின்றனர். இம்மூவருக்கும் யாம் அறிந்த அளவில் விடை கூற முயல்வோம். மூன்றாவது விஷயத்தில் எமது அபிப்பிராயம் பிரேரணை கொண்டுவந்த அன்பர்களின் அபிப்பிராயத்துக்கு மாறானது என்பதை முன்னரே சொல்லிவிடுகின்றோம். பொறுமையுடன் கேட்டருளல் வேண்டும்.

சிட்டையும் பேரேடும்

கணக்கெழுதிப் பிழைத்த குலத்தில் தோன்றிய நமக்கு இக்கிடங்கின் தன்மையை விளக்குதல் எளிது. கடையில் விற்பனை நடக்க நடக்க அவ்வப்போது எழுதுவது சிட்டை. பின்னர் அவற்றைப் பெயர்வழியாகவும் சரக்குவழியாகவும் பிரித்து ஏற்றுவது பேரேடு. சிட்டையைப் புரட்டி, இன்று மாலை இன்னார் வாங்கிய சரக்கு இது என்று சொல்லலாம். சென்ற மூன்று வருஷங்களில் கார்த்திகை மாதந்தோறும் துவரம்பருப்பு எந்த ஊருக்கு எவ்வளவு சென்றது என்று கேட்டால், சிட்டையை வைத்துக்கொண்டு விடை சொல்ல ஒரு வாரம் செல்லும். கடையில் பில் போடும் கம்ப்யூட்டரின் டேட்டாபேஸ் சிட்டையை ஒத்தது. பல கடைகளின் சிட்டைகளையும் ஓரிடத்திற் சேர்த்து, பல வருஷத்துக் கேள்விகளுக்கு விடை காண உதவுவதாகிய தரவுக் கிடங்கு பேரேட்டை ஒத்தது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை. கிடங்கு வந்ததனால் பில் போடும் கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று எண்ணுவோர், பேரேடு இருக்கச் சிட்டை எதற்கு என்று கேட்பவரை ஒப்பர்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. சிட்டை வரி வரியாக எழுதப்படுவது. கிடங்கோ பத்தி பத்தியாக அடுக்கி வைப்பது. தேதிகளெல்லாம் ஒரு கட்டாகவும், சரக்குப் பெயர்களெல்லாம் ஒரு கட்டாகவும், விலைகளெல்லாம் ஒரு கட்டாகவும் இருக்கும். நாற்பது பத்திகளுள்ள கணக்கில் விலையின் கூட்டுத்தொகை மாத்திரம் வேண்டுமாயின், விலைக்கட்டை மாத்திரம் அவிழ்த்தால் போதும். மற்ற முப்பத்தொன்பதையும் தொட வேண்டுவதில்லை. ஒரேவிதமான பதிவுகள் அடுத்தடுத்து இருத்தலால் அவற்றை மிகவும் சுருக்கி வைக்கவும் இயலும். கோடிக்கணக்கான வரிகளுக்கும் சில விநாடிகளில் விடை வருவதன் இரகசியங்களுள் இது முக்கியமானது.

இக்கருவி ஒரே நாளில் தோன்றியதன்று. 1970-ஆம் வருஷத்தில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த எட்கார் காட் என்பவர், தரவுகளையெல்லாம் அட்டவணைகளாக வைக்கும் முறையை வகுத்தார். அக்கம்பெனியிலேயே சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974-ல் அவ்வட்டவணைகளைக் கேள்வி கேட்கும் ஒரு பாஷையை வெளியிட்டனர். இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குவது அதன் வழிவந்ததே. 1992-ல் பில் இன்மன் என்பவர் தரவுக் கிடங்கை அமைப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். அக்காலத்தில் கிடங்கு வேண்டுவோர் லட்சக்கணக்கிற் செலவு செய்து தாமே இயந்திரங்களை வாங்கி வைத்துக்கொள்ள நேர்ந்தது. 2010-க்குப் பிறகு நிலைமை மாறிற்று. கூகுள் கம்பெனியின் பிக்குவெரி, அமேசான் கம்பெனியின் ரெட்ஷிஃப்ட், 2012-ல் கலிபோர்னியாவில் தாஜ்வில், குருவான், ஜுகோவ்ஸ்கி என்னும் மூவர் தொடங்கிய ஸ்நோஃப்ளேக் ஆகியவை, இயந்திரம் வாங்காமலே கிடங்கை வாடகைக்கு எடுக்கும் வழியைத் திறந்துவிட்டன.

பேட்டையும் கூலியும்

விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களிற் பேட்டைகள் இருந்ததை நம்மிற் பெரியோர் அறிவர். வண்டிகளில் வந்த சரக்கைத் தனித்தனியே ஒவ்வொருவரும் காவல் வைத்துக் காக்க முடியாமையால், மதில் சூழ்ந்த ஒரு பொதுவிடத்தில் இறக்கிவைத்து, அதற்கென ஒரு கட்டணம் கொடுத்தனர். மூட்டை கிடப்பதற்கு ஒரு வாடகை; அதனைப் பிரித்து, நிறுத்து, மாற்றி அடுக்குவதற்கு வேறு கூலி. ஆறு மாதம் மூட்டை கிடந்தாலும், ஆட்களை அழைக்காதிருந்தால் கூலி இல்லை.

ஸ்நோஃப்ளேக் போன்ற வாடகைக் கிடங்கின் முழுத் தத்துவமும் இதுதான். தரவு கிடப்பதற்கு மாத வாடகை. அதனைப் புரட்டிக் கேள்விக்கு விடை காணும் கம்ப்யூட்டர்களுக்கு, அவை வேலை செய்த விநாடிகளுக்கு மாத்திரம் கூலி. முற்காலத்து இயந்திரங்களில் இரண்டும் ஒன்றாய்ப் பிணைந்திருந்தன. இடம் போதாதென்று பெரிய இயந்திரம் வாங்கினால், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுச் செலவும் நம் தலையில் விழும். இரண்டையும் பிரித்து வைத்ததே இக்காலத்தாரின் சாமர்த்தியம்.

இங்கே புதியவர் மயங்குவதற்கு இடமான ஒரு சொல் உண்டு. ஸ்நோஃப்ளேக்கில் "வேர்ஹவுஸ்" என்று பெயர் சூட்டப்பட்டிருப்பது மூட்டை கிடக்கும் இடத்துக்கன்று. மூட்டையைப் பிரிக்கும் ஆட்கூட்டத்துக்கே. தரவு கிடக்கும் இடத்துக்கு "டேட்டாபேஸ்" என்று பெயர். "வேர்ஹவுஸை நிறுத்திவிட்டால் நமது கணக்கு அழிந்துபோகுமோ" என்று அஞ்சி, அதனை இரவு பகலாக ஓடவிட்டுப் பணத்தை இழப்பவர் உண்டு. ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் மூட்டை காணாமற் போகாது. இந்த ஒன்றை மனத்திற் பதித்துக்கொண்டால் பாதிக் கல்வி முடிந்தது.

தொடங்குமுன் செய்யவேண்டியது

கிடங்கைத் திறப்பது கால்மணி நேரத்து வேலை. அதற்குமுன் செய்யவேண்டிய வேலை ஒரு மாதத்துக்கு உண்டு. அது கம்ப்யூட்டரில் செய்வதன்று. ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

அண்ணன் தம்பிமார் மூவர் விருதுநகர், மதுரை, திருநெல்வேலி ஆகிய மூன்றூர்களில் பலசரக்குக் கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மூவர் கணக்கையும் ஒரே கிடங்கிற் கொட்டி, "சென்ற வருஷம் எந்தக் கடையில் துவரம்பருப்பு அதிகம் விற்றது" என்று கேட்கின்றனர். மூத்தவர் மூட்டையில் எழுதுகின்றார். நடுவர் கிலோவில் எழுதுகின்றார். இளையவர் குவிண்டாலில் எழுதுகின்றார். ஒருவர் கணக்கில் "து.பருப்பு", மற்றொருவர் கணக்கில் "துவரை", மூன்றாமவர் கணக்கில் "தூர் டால்". ஒருவர் திரும்பிவந்த சரக்கை விற்பனையிலிருந்து கழிக்கின்றார். மற்றொருவர் அதனைக் கொள்முதலிற் சேர்க்கின்றார். கிடங்கு என்ன செய்யும்? கேட்ட கேள்விக்கு இரண்டு விநாடியில், நான்கு வர்ணச் சித்திரத்துடன், பிழையான விடையைத் தரும். அவ்விடையைக் கொண்டு இளையவர் கடை நஷ்டத்தில் நடக்கிறதென்று மூத்தவர் முடிவு செய்வாராயின், கெடுவது கணக்கு மாத்திரமன்று, குடும்பமும் கெடும். கூட்டு வியாபாரம் பாகப்பிரிவினையில் முடிந்த வீடுகளில், பலவேளைகளில் வஞ்சகத்தினும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் கொண்டமையே காரணமாய் இருந்திருக்கின்றது என்பது நம் பெரியோர் கண்டறிந்த உண்மை.

ஆகையால் மூன்று காரியங்களை முதலிற் செய்தல் வேண்டும். ஒன்று, எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பதைத் தமிழில், ஒரே வாக்கியத்தில் எழுதுதல். இரண்டு, அக்கேள்வியிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும், "விற்பனை" என்பது யாது, "வருஷம்" என்பது சித்திரை முதலா ஏப்ரல் முதலா என்பதை வரையறுத்து, பங்காளிகள் எல்லோரும் ஒப்புதல். மூன்று, ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே குறியெண் கொடுத்தல். இவை செய்யாதவருக்குக் கிடங்கு வேண்டாம். செய்தவருக்கோ கிடங்கு இல்லாமலே பாதிப் பயன் கிட்டிவிடும்.

தொடங்கும் முறை

கேள்வி எழுதியாயிற்று. இனிக் கிடங்கைத் திறப்போம். ஸ்நோஃப்ளேக்கையே உதாரணமாகக் கொள்ளுகின்றோம். மற்றவற்றிலும் முறை ஏறத்தாழ இதுவே. புதியவர்க்கு 30 நாள் இலவசப் பரீட்சைக் காலம் தரப்படுகின்றது. பதிவு செய்யும்போது எந்தப் பிரதேசத்தில் நமது தரவு இருக்கவேண்டும் என்று கேட்பார்கள். அமேசான் கம்பெனியின் மும்பை நிலையமும் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் புனே நிலையமும் அப்பட்டியலில் உண்டு. நமது தேசத்துக் கணக்கு நமது தேசத்திலேயே இருப்பது நலம். பின்னர் மாற்றுவது சிரமமாகலின் அப்போதே யோசித்துத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

உள்ளே புகுந்தவுடன், முதலில் திறந்தவருக்கு "அக்கவுண்ட் அட்மின்" என்னும் சர்வாதிகாரம் கிடைக்கின்றது. இது பெட்டிச் சாவிக்கொத்தை ஒத்தது. அன்றாட வேலைக்கு அதனை இடுப்பிற் செருகிக்கொண்டு திரிதல் கூடாது. அட்டவணைகளை அமைக்க ஓர் அதிகாரம், படிக்க மாத்திரம் ஓர் அதிகாரம் என்று பிரித்து, கணக்கப்பிள்ளைக்கு வேண்டியதைக் கணக்கப்பிள்ளைக்கும், மேற்பார்வையாளருக்கு வேண்டியதை அவருக்கும் கொடுத்தல் முறை. எனினும், சாவிக்கொத்து ஒருவரிடமே இருந்து அவர் நோயுற்றால் வீடே பூட்டிக் கிடக்கும். ஆகவே நம்பத்தக்க இன்னொருவரிடமும் அவ்வதிகாரம் இருக்கவேண்டும்.

பின்பு ஒரு டேட்டாபேஸும், அதனுள் "ஸ்கீமா" என்னும் அறையும், அறைக்குள் அட்டவணையும் அமைக்கவேண்டும். அட்டவணையில் தேதிக்குத் தேதி, எண்ணுக்கு எண், பெயருக்கு எழுத்து என்று ஒவ்வொரு பத்தியின் ஜாதியையும் முன்னரே சொல்லவேண்டும். விலையை எழுத்தாக ஏற்றிவைத்துப் பின்னர் கூட்டுத்தொகை வரவில்லையே என்று வருந்துவோர் பலர்.

சரக்கு ஏற்றுவது இரண்டு படியாக நடக்கும். கடைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த கோப்பை முதலில் "ஸ்டேஜ்" என்னும் தாழ்வாரத்தில் இறக்கி, அங்கிருந்து "காப்பி இன்டு" என்னும் கட்டளையால் அட்டவணைக்குள் ஏற்றவேண்டும். ஏற்றிய கோப்பின் பெயரைக் கிடங்கு 64 நாள் வரை நினைவில் வைத்துக்கொண்டு, அதே கோப்பை மறுபடி ஏற்ற முயன்றால் தானே தவிர்த்துவிடும். இது ஒரு நல்ல ஏற்பாடு. ஆயினும் அதே பில்களை வேறு பெயருள்ள கோப்பில் அனுப்பினால் அது இரண்டாமுறையும் ஏற்றிக்கொள்ளும். பில் எண் இரட்டிக்கக் கூடாது என்று அட்டவணையில் நாம் எழுதிவைத்தாலும், சாதாரண அட்டவணைகளில் ஸ்நோஃப்ளேக் அதனைக் குறிப்பாக வைத்துக்கொள்ளுமேயன்றி வற்புறுத்தாது. சரிபார்க்கும் பொறுப்பு ஏற்றுபவருடையதே. ஆகலின் ஒவ்வொரு முறை ஏற்றியபின்னும், கடைச் சிட்டையின் அன்றைய மொத்தத்தையும் கிடங்கின் அன்றைய மொத்தத்தையும் ஒத்துப்பார்த்தல் வேண்டும். நமது பாட்டனார்கள் இருப்புக் கட்டாமல் பெட்டியைப் பூட்டியதில்லை. அப்பழக்கம் இங்கே அப்படியே செல்லும்.

கேள்வி கேட்கும் பாஷையாகிய எஸ்.க்யூ.எல். கடினமானதன்று. "செலக்ட்" என்றால் எந்தப் பத்திகள் வேண்டும். "ஃப்ரம்" என்றால் எந்த அட்டவணையிலிருந்து. "வேர்" என்றால் எந்த நிபந்தனையுடன். "குரூப் பை" என்றால் எதன்வாரியாகத் தொகுக்க. இந்நான்கையும் கற்றவர் பேரேட்டுக் கேள்விகளிற் பெரும்பாலானவற்றைக் கேட்டுவிடலாம்.

தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்துவிட்டால் "அன்ட்ராப்" என்னும் கட்டளையால் மீட்கலாம். சாதாரணப் பதிப்பில் ஒரு நாள் வரையிலும், உயர்ந்த பதிப்புகளில் 90 நாள் வரையிலும் பழைய நிலையைத் திரும்பிப் பார்க்க இயலும். அப்பழைய நிலைக்கும் இடவாடகை உண்டு என்பதை மறத்தலாகாது.

கூலிக் கணக்கு

இனிச் செலவு. ஆட்கூட்டத்துக்கு அளவுகள் உண்டு. மிகச் சிறியதற்கு மணிக்கு 1 கிரெடிட் என்பது சாதாரணக் கூலி. அடுத்ததற்கு 2, அதற்கடுத்ததற்கு 4, பின் 8, 16 என்று ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும். கிரெடிட்டின் விலை பதிப்புக்கும் பிரதேசத்துக்கும் ஏற்ப மாறும். கூலி விநாடிக் கணக்கிற் பிடிக்கப்படினும், ஒவ்வொருமுறை எழுப்பும்போதும் குறைந்தது 60 விநாடிக் கூலி உண்டு.

மிகச் சிறிய ஆட்கூட்டத்தை நாளொன்றுக்கு ஒரு மணி வீதம், மாதத்தில் 25 நாள் வேலை வாங்கினால் 25 கிரெடிட், வருஷத்துக்கு 300. இனி, ஒருவர் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மணிக்கு 8 கிரெடிட் வாங்கும் பெரிய ஆட்கூட்டத்தை எழுப்பி, தானே நிற்கும் ஏற்பாட்டையும் நீக்கிவிட்டு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து பார்க்கின்றார் என்று கொள்வோம். 39 மணி, எட்டால் பெருக்க 312 கிரெடிட். ஒரு வருஷத்துக் கூலிக்கு மேற்பட்ட தொகை, ஒருவரும் ஒரு கேள்வியும் கேளாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமையிற் போயிற்று.

இதற்குப் பரிகாரம் இரண்டு. "ஆட்டோ சஸ்பெண்ட்" என்னும் இடத்தில் 60 விநாடி என்று குறித்துவிட்டால், வேலையில்லாத ஆட்கள் தாமே வீட்டுக்குப் போய்விடுவர். அடுத்த கேள்வி வந்தால் தாமே வருவர். "ரிசோர்ஸ் மானிட்டர்" என்னும் காவற்காரனை நியமித்து, மாதத்துக்கு இத்தனை கிரெடிட் என்று வரம்பு கட்டி, எண்பது பங்கு ஆனவுடன் எச்சரிக்கையும், நூறு ஆனவுடன் நிறுத்தமும் வைக்கலாம். அக்காவற்காரனை உண்டாக்கினால் மாத்திரம் போதாது. எந்த ஆட்கூட்டத்துக்குக் காவல் என்பதையும் சொல்லவேண்டும். முதல் தரவை ஏற்றுவதற்கு முன்னரே இவ்விரண்டையும் செய்துவிடுக.

பிக்குவெரியில் முறை வேறு. சாதாரணத் திட்டத்தில் எவ்வளவு தரவைப் புரட்டினோமோ அவ்வளவுக்கு விலை. மாதந்தோறும் முதல் 1 டெராபைட் அளவுக்கு இலவசம் உண்டு. "பத்து வரி மட்டும் காட்டு" என்று சொன்னால் செலவு குறையும் என எண்ணுதல் பிழை. சாதாரண அட்டவணையில் பத்து வரியைக் காட்டவும் கேட்ட பத்திகளை முழுவதும் புரட்டும். வேண்டிய பத்திகளை மாத்திரம் கேட்பதே அங்கே சிக்கனம்.

பூட்டு

நிற்க. இதுகாறும் கூறியது பணத்தைப் பற்றியது. பணத்தினும் பெரியது மானம். அதனைப் பற்றி இனிக் கூறுவோம்.

2024-ஆம் வருஷத்தில் ஸ்நோஃப்ளேக்கில் தரவு வைத்திருந்த பல பெரிய கம்பெனிகளின் கணக்குகளிற் கள்வர் புகுந்தனர். ஆராய்ந்த மாண்டியண்ட் நிறுவனத்தார், ஏறத்தாழ 165 ஸ்தாபனங்கள் ஆபத்துக்கு உள்ளாகியிருக்கலாம் என்று அறிவித்தனர். அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. கம்பெனி, தன் கைப்பேசிச் சந்தாதாரர்களில் ஏறக்குறைய எல்லோருடைய அழைப்பு விவரங்களும் களவு போயின என்று அவ்வருஷம் ஜூலை மாதத்தில் வெளியிட்டது. கள்வர் மதிலை இடித்தாரில்லை. ஊழியர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து முன்னரே திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு, நேர்வழியாகவே கதவைத் திறந்து புகுந்தனர். சில கடவுச்சொற்கள் பல வருஷங்களாக மாற்றப்படாதவை. கடவுச்சொல்லுக்கு மேல் கைப்பேசியில் இரண்டாவது அனுமதி கேட்கும் இரட்டைப் பூட்டு அக்கணக்குகளில் இல்லை. இதன்பின் 2024 அக்டோபர் முதல் புதிதாகத் திறக்கும் கணக்குகளில் அவ்விரட்டைப் பூட்டை இயல்பான ஏற்பாடாக ஸ்நோஃப்ளேக் நிறுவனம் வைத்துவிட்டது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? பேட்டையின் மதில் எவ்வளவு உயர்ந்ததாயினும், தன் அறையின் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சென்றவனுக்கு அம்மதில் உதவாது. கிடங்கை வாடகைக்கு விடுபவர் மதிலுக்குப் பொறுப்பு. சாவிக்கு நாமே பொறுப்பு.

சங்கப் பதிவேடு

இனிப் பிரேரணைக்கு வருவோம். நமது குடும்பப் பதிவேட்டில் இருப்பவை யாவை? பெயர், வயது, விலாசம், கைப்பேசி எண், தொழில், வருமானம். வரன் பதிவேட்டிலோ இவற்றுடன் ஜாதகமும், புகைப்படமும், நமது பெண்மக்களின் படிப்பும் வேலையிடமும் உள்ளன. இவற்றை அங்கத்தினர் நமக்குக் கொடுத்தது எதற்காக? கல்யாணம் கூடுவதற்கும், ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புதவி சேர்வதற்கும். வேறெதற்கும் அன்று.

பிரேரணை கொண்டுவந்த அன்பர்களின் எண்ணம் நல்லெண்ணமே. எந்தெந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்துகின்றனர் என்று அறிந்தால் உதவி சரியாகச் சேரும் என்கின்றனர். அக்கேள்வி உயர்ந்த கேள்வி. ஆனால் அதற்குப் பெயரும், கைப்பேசி எண்ணும், ஜாதகமும் வேண்டுவதில்லை. ஊர், வயது, வகுப்பு என்னும் மூன்று பத்திகள் போதும். நமது சங்கத்தின் குடும்பங்கள் சில ஆயிரமே. எக்செல் என்னும் சாதாரணக் கணக்குத்தாள் ஒன்றிலேயே 10,48,576 வரிகளுக்கு இடமுண்டு. கைப்பெட்டியில் அடங்கும் பொருளுக்குப் பேட்டையில் இடம் பிடிப்பானேன்?

சட்டமும் இதனையே சொல்லுகின்றது. நமது பாராளுமன்றம் 2023-ல் இயற்றிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவர் எந்தக் காரியத்துக்கென்று சம்மதித்துக் கொடுத்தாரோ அந்தக் காரியத்துக்கு வேண்டிய அளவே தரவைப் பயன்படுத்தலாம். 18 வயதுக்குட்பட்டோர் விஷயத்திற் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பாதுகாவலில் தவறியவருக்கு 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்கவும் இடமுண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆயினும் அபராதத்துக்கு அஞ்சி யாம் இதனைச் சொல்லவில்லை. நம்மை நம்பி ஒரு தாய் தன் மகளின் புகைப்படத்தையும் விலாசத்தையும் சங்கத்தின் கையிற் கொடுத்தாள். அது கைமாறிக் கண்டவர் கையிற் சிக்குமாயின், எந்த அபராதத்தைக் கட்டி அந்த நம்பிக்கையை மீட்போம்?

ஆகையால் யாம் கேட்டுக்கொள்வது இது. பதிவேடு இப்போதுள்ள இடத்திலேயே இருக்கட்டும். அதற்கு இரட்டைப் பூட்டுப் போடுக. இரண்டு நிர்வாகிகளைப் பெயர் குறித்துப் பொறுப்பாளர்களாக்குக. கல்யாணம் முடிந்தவர்களின் குறிப்பை உடனே அழித்துவிடுக. படிப்புதவிக் கேள்விக்கு, பெயர் நீக்கிய மூன்று பத்திகளை மாத்திரம் தனியே எடுத்துக்கொள்ளுக.

வியாபாரிகளுக்கும் இளைஞர்களுக்கும்

வியாபாரிகளுக்கு ஒரு கணக்குச் சொல்லுகின்றோம். மூன்று கடை, கடைக்கு நாளொன்றுக்கு 500 பில், பில்லுக்கு நான்கு சரக்கு, வருஷத்துக்கு 300 நாள். மொத்தம் 18 லட்சம் வரி. இது எக்செல் தாளில் அடங்காது. ஆயினும் போஸ்ட்கிரஸ், டக்டிபி போன்ற இலவச டேட்டாபேஸ்களில், வீட்டிலுள்ள ஒரு கம்ப்யூட்டரிலேயே இனிது அடங்கும். பல ஊர்களிலிருந்து பலர் ஒரே வேளையிற் கேள்வி கேட்கவேண்டிய நிலையும், பல இடங்களிலிருந்து ஓயாமல் தரவு வந்து குவியும் நிலையும் வரும்போது வாடகைக் கிடங்கை நாடுக. அதற்குள் சரக்குக் குறியெண்ணைச் சரிசெய்து வைத்துக்கொண்டவர், அன்று ஒரு வாரத்திற் குடிபுகுவர். வைத்துக்கொள்ளாதவர் பணத்தைக் கொட்டியும் திணறுவர்.

இளைஞர்களே! இவ்வித்தையை ஒரே மாதத்திற் கற்றுத்தந்து வேலையும் வாங்கித்தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்போரிடம் பெற்றோரின் பணத்தைக் கொடுப்பதற்கு முன் சற்றுப் பொறுக்க. முதலில் எஸ்.க்யூ.எல். பாஷையை மேற்சொன்ன இலவச டேட்டாபேஸ்களில் வீட்டிலேயே பழகுக. அங்கே பில் ஏறாது. கை பழகியபின் 30 நாள் பரீட்சைக் காலத்தைத் திறக்க. பழகாமுன் திறந்தால் அந்நாட்கள் வீணே கழியும். பயிற்சிக்கு வீட்டுக் கணக்கையோ சங்கப் பதிவேட்டையோ எடுக்கவேண்டா. ஸ்நோஃப்ளேக்கிலேயே மாதிரித் தரவு இருக்கின்றது. மத்திய சர்க்கார் தமது தரவுத் தளத்தில் தேசத்துச் சந்தைகளின் விளைபொருள் விலைகளை நாள்தோறும் வெளியிடுகின்றனர். துவரை விலை எந்த மாதத்தில் ஏறி எந்த மாதத்தில் இறங்குகிறதென்று அதிலிருந்து கண்டு தந்தையாரிடம் சொல்லுக. அவர் தலையசைத்தால் அதுவே முதற் சன்னது.

நமது பெண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. பல வீடுகளிற் கடைக்கணக்கை ஒழுங்காக எழுதிவருவோர் தாங்களே என்பதை எல்லோரும் அறிவர். சபையில் ஒருவரும் சொல்வதில்லை. இவ்வித்தை பெருமூச்சு வாங்கும் உடலுழைப்பன்று. பொறுமையும், ஒத்துப்பார்க்கும் கண்ணும் வேண்டுவது. அவ்விரண்டும் தங்களிடம் ஏற்கனவே உண்டு. ஞாயிறுதோறும் நமது சங்கக் கட்டிடத்தில் இரண்டு மணி நேரம் ஒரு வகுப்பு நடத்த யாம் சித்தமாயிருக்கின்றோம். ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் வருகின்றனரோ அத்தனை பெண்பிள்ளைகளையும் பெற்றோர் அனுப்பவேண்டுமென்று பிரார்த்திக்கின்றோம்.

முடிவாக ஒன்று. நமது முன்னோர் மூட்டைக்கு இவ்வளவென்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடமும் சத்திரமும் கட்டியபோது, அக்காசை எண்ணியவர் கையிற் கருவி ஒன்றும் இல்லை. எண்ணிய காசை எல்லோரும் பார்க்க எழுதிவைத்தனர், அதனால் நம்பிக்கை வளர்ந்தது. இன்று கருவி வந்திருக்கின்றது. கேள்வியைத் தெளிவாக எழுதுதல், கூலிக்கு வரம்பு கட்டுதல், சாவியைக் காத்தல், பிறர் ஒப்படைத்ததை அவர் சொன்ன காரியத்துக்கே வழங்குதல் ஆகிய நான்கும் அக்கருவிக்குள் இல்லை, நாமே கொண்டுசெல்லவேண்டியவை. பிரேரணையின்மீது அங்கத்தினர்கள் தங்கள் அபிப்பிராயத்தை அடுத்த மாதக் கூட்டத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகின்றோம்.